தலை தீபாவளி கழிந்து ஒரு படகுப் பயணம்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே பெரிய 'ற' போட வேண்டும், எங்கே சின்ன 'ர' போட வேண்டும் என்பதில் இன்றைக்கும் தடுமாறுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத வந்த காரணம் சின்னதுதான். நான் இப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கேட் வாட்ச்மேனாக இருக்கிறேன். போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு, கடலோரமாகப் பட்டணத்துக்குப் போகிற கால்வாய்ப் பக்கம் திரும்பியது. திருவாலங்காட்டிலிருந்து வருகிற ஒரு ஃபிட்டர், அந்தச் சாக்கடையில் படகாவது போவதாவது என்று சிரித்தார். அதில் சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு பட்டணம் வரைக்கும் ஒன்பது வருஷம் போய் வந்தவன் நான். ஆனால் நாலு பேர் கேட்கும்போது எனக்கு வாய் வராது. டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைப்போம் என்று ஒரு நோட்டு வாங்கினேன். கால்வாயைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் எல்லாப் பயணமும் ஒன்றோடு ஒன்று கலந்துபோய்விட்டது. ஒரே ஒரு நாள் மட்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாக நிற்கிறது. அது என் மனைவி என்னை விட்டுவிட்டுத் தாய் வீட்டுக்குக் கிளம்பின நாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் என்று நினைக்கிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். நான் பழவேற்காட்டுக்குத் தெற்கே கால்வாய்க் கரை ஊர். அவள் பட்டணத்துப் பெண், பேசின் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு நாள் முழுவதும் பேச ஆள் வேண்டும். எனக்கு யாராவது பேசினாலே கழுத்து வேர்க்கும்.

அந்த வருஷம் எங்களுக்குத் தலை தீபாவளி. மாமனார் ஒரு வாரம் முன்பே வந்து அவளை அழைத்துப் போனார். நான் பண்டிகைக்கு முதல் நாள் வருவதாகப் பேச்சு. நானும் போனேன். படகில் பட்டணம் போய், விறகுத் தொட்டி என்கிற விறகுக் கடையில் கட்டைகளை இறக்கிவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவர்கள் சந்தின் முனை வரைக்கும் போனேன். அங்கேயிருந்து திரும்பி வந்துவிட்டேன். தீபாவளியன்று படகிலேயே படுத்துக் கிடந்தேன். ஊருக்கு வந்து, எண்ணூரில் லாக்கு மூடிவிட்டார்கள், படகு போகவில்லை என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். லாக்கு என்பது கால்வாயின் குறுக்கே கதவு போட்டுத் தண்ணீரை ஏற்றி இறக்குகிற இடம்.

சந்து முனையில் என்னைப் பார்த்தவர்கள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். மாமனார் எதுவும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பொன்னேரிக்கு நடந்து போனார். அவளும் கேட்கவில்லை. நான் வாய் திறப்பேனா என்று ஐந்து நாள் பார்த்தாள். நான் திறக்கவில்லை. ஆறாம் நாள் தகரப் பெட்டியில் புடவைகளை மடித்து வைத்தாள்.

"எங்க ஊட்டுக்குப் போறேன். இனிமே வர மாட்டேன். சொல்லாம ஓடிட்டான்னு நாளைக்கு நீ சொல்லக் கூடாது, அதான் சொல்றேன்" என்றாள்.

பொன்னேரி வரைக்கும் வண்டியில் போனால் ரயில் இருந்தது. அவள் படகிலேயே வருவதாகச் சொன்னாள். பெட்டி கனம் என்றாள்.

படகுக்காரரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். ஐம்பது வயது இருக்கும், தடா பக்கத்துக்காரர், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். அவர் படகில் அவரையும் சேர்த்து மூன்று பேர் வேலை செய்தோம். இன்னொருவன் என் வயதுக்காரன், சுக்கான் பிடிப்பவன், வாய் ஓயாதவன். சரக்குப் படகில் பொம்பளையை ஏற்றுவது வழக்கமில்லை. நைனா கொஞ்சம் யோசித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் பட்டணம் போய்விட வேண்டும், வழியில் இருட்டிவிட்டால் பொம்பளையை வைத்துக்கொண்டு கரையில் தங்க முடியாது என்றார்.

சரக்கு ஏற்றுவதில் நைனாவுக்கு ஒரு கணக்கு உண்டு. பாய்மரத்தில் ஒரு ஆணி அடித்து வைத்திருந்தார். கட்டை அடுக்கு அந்த ஆணிக்கு மேலே போகக் கூடாது. போனால் பாலத்தில் இடிக்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் தண்ணீர் கால்வாயில் அதிகம் ஏறும் என்பதால் அந்த நாட்களில் ஆணிக்கு ஒரு சாண் கீழேயே நிறுத்திவிட வேண்டும். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவர் அளந்து பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அவர் போன பிறகு நான் படகுக்குத் திரும்பி வந்தேன். கட்டை அடுக்கின் நடுவில், ஆள் உட்காருகிற அளவுக்கு, நேரான கட்டைகளாகப் பொறுக்கி இரண்டு வரிசை கூடுதலாக அடுக்கினேன். முண்டும் முடிச்சுமாக இருந்தவற்றை அரிவாளால் செதுக்கினேன். மேலே நாலு கோணிப்பையும் ஒரு பாயும் போட்டேன். கீழே உட்கார்ந்தால் தண்ணீர் தெறிக்கும், கட்டை குத்தும் என்று நினைத்தேன். என்னை விட்டுப் போகிறவளுக்குத்தான் இந்த ஆசனம் செய்தேன். மறுநாள் பௌர்ணமி கழிந்த முதல் நாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

கோழி கூவுகிற நேரத்தில் கிளம்பினோம். வடகிழக்குக் காற்று நன்றாக இருந்தது. காற்றுப்பாயை விரித்ததும் படகு தெற்கே ஓட ஆரம்பித்தது. அவள் மேலே ஏறிப் பாயில் உட்கார்ந்து, பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். மழை மேகம் நிலாவை மூடியிருந்த இருட்டில் நைனா அடுக்கின் உயரத்தைக் கவனிக்கவில்லை. பொம்பளை உட்கார்ந்திருக்கிற பக்கம் அவர் திரும்பவும் மாட்டார்.

விடிந்தபோது இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாக மழைத் தண்ணீர் நின்றது. மழைக்காலத்தில் உப்பு விளையாது, ஆட்கள் யாரும் இல்லை. நாரைகள் மட்டும் வரப்பில் நின்றன. கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் கொண்டுவந்திருந்தோம். அவள் கூழை எல்லாருக்கும் கரைத்துக் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், சொம்பைக் கையில் தராமல் கட்டை மேல் வைத்தாள். சுக்கான் பிடிப்பவன் அதைப் பார்த்துவிட்டான்.

"இன்னாம்மா, பட்டணத்துல இறங்குறப்போ எங்க ஆளை எங்ககிட்டயே விட்டுட்டுப் போறியா? எங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு? பேசவும் மாட்டான், பாடவும் மாட்டான்."

"கழி ஊன்ற ஆவாரு. வெச்சிக்கோங்க" என்றாள்.

நைனா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்திருக்கலாம். கழியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டேன்.

வெயில் ஏறின பிறகு எண்ணூருக்கு இந்தப் பக்கம் இருக்கிற தாழ்வான பாலத்துக்கு வந்தோம். கல் கட்டின பழைய பாலம், மேலே மாட்டு வண்டி போகும். எப்போதும் போலக் காற்றுப்பாயைச் சுருட்டி, பாய்மரத்தைச் சாய்த்தோம். அவளைக் கீழே இறங்கிக் குனிந்துகொள்ளச் சொன்னார் நைனா. அப்போதுதான் அடுக்கைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். தண்ணீர் பாலத்தின் கல்லில் பச்சைப் பாசி இருக்கிற கோட்டுக்கும் மேலே நின்றது. எல்லாரும் கழியை ஊன்றிப் படகை நிறுத்தப் பார்த்தோம். காற்றுத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தில் படகு போய் முட்டியது. மேல்வரிசைக் கட்டைகள் கல்லில் உரசி, இரண்டு தண்ணீரில் விழுந்தன. பாயும் கோணியும் சுருண்டன. படகு சிக்கிக்கொண்டு நின்றது.

இழுத்துப் பின்னால் கொண்டுவந்து கரையில் கட்டினோம். நைனா சாய்த்த மரத்தில் ஆணி இருந்த இடத்தைப் பிடித்து அளந்தார். என்னைப் பார்த்தார்.

"ஆணிக்கு மேல எவன்டா ஏத்துனது? நேத்து பௌர்ணமி."

வேறு யார் ஏற்றியிருக்க முடியும்?

தண்ணீர் இறங்க மத்தியானம் ஆகும். அதுவரை காத்திருந்தால் லாக்கில் முறை கிடைத்து அந்தப் பக்கம் போவதற்குள் பொழுது போய்விடும். கூடுதலாக ஏற்றினதை எடுத்து முன்னும் பின்னும் போடவும் முடியாது. பாலத்தடியில் போகும்போது அங்கே கழி ஊன்றுகிறவனும் சுக்கான் பிடிக்கிறவனும் நிற்க வேண்டும், ஓரத்தில் பரப்பினால் பாலத்துச் சுவரில் உரசும். ஒரே வழிதான் இருந்தது. இரண்டு வரிசையையும் கரையில் இறக்கி, பாலத்தடியில் படகைக் கொண்டுபோய், அந்தப் பக்கம் மறுபடி ஏற்ற வேண்டும். நைனாவும் சுக்கான்காரனும் கரையோடு கட்டைகளைச் சுமந்து போனார்கள். நான் படகில் நின்று எடுத்துக் கொடுத்தேன்.

அவள் கொஞ்ச நேரம் பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொசுவத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எனக்கும் கரைக்கும் நடுவில் வந்து நின்றாள். நான் கொடுக்க, அவள் வாங்கிக் கரையில் அடுக்கினாள். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதையெல்லாம் எதுக்கு செதுக்கி வெச்சிக்கீற? விறகுதானே?"

நான் அடுத்த கட்டையை நீட்டினேன். பாலத்தின் மறுபக்கமிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்த நைனா அதைக் கேட்டுவிட்டார்.

"உனக்கு சிம்மாசனம் போட்டுக்கீறான்மா உம் புருசன். அதுக்குதான் நாங்க மூட்ட தூக்கிக்கினு கீறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த சுமையோடு போனார்.

அவள் கையில் இருந்த கட்டையைக் கீழே வைக்கவில்லை. அதை வைத்துக்கொண்டே கேட்டாள். ஐந்து நாள் கேட்காததை அப்போது கேட்டாள்.

"தெரு முனை வரிக்கும் வந்தியே. ஏன் திரும்பிப் போன?"

அந்தக் கேள்விக்கு நான் பல பதில் யோசித்து வைத்திருந்தேன். உடம்பு சரியில்லை என்று ஒன்று. நைனா கூப்பிட்டு அனுப்பினார் என்று ஒன்று. நைனாவும் சுக்கான்காரனும் தூரத்தில் இருந்தார்கள். கையில் கட்டை இருந்ததால் எனக்கும் கையை எங்கே வைப்பது என்கிற சங்கடம் இல்லை.

"நாற்காலி போட்டிருந்தாங்க" என்றேன்.

"இன்னாது?"

"உங்க ஊட்டு வாசல்ல. ஒரே ஒரு நாற்காலி. சந்துல கீறவங்க எல்லாம் சுத்தி நின்னுக்கினு இருந்தாங்க. எல்லாரும் நிப்பாங்க, நான் ஒருத்தன் மட்டும் நடுவுல உக்காரணும். அத்தப் பார்த்தேன். கால் நகரல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"எங்கப்பா அந்த நாற்காலிய எதிர்த்த ஊட்ல இரவல் வாங்கினு வந்தாரு. சாயங்காலம் வரிக்கும் அங்கியே கெடந்துச்சு. மழை பெஞ்சப்போகூட உள்ள எடுக்க வுடல."

"தெரியாது."

"எப்படித் தெரியும்? கேட்டாத்தானே?"

அவள் கட்டைகளை வாங்கிக் கரையில் போட்டாள். முதலில் வைத்த மாதிரி வைக்கவில்லை, சத்தம் கேட்கும்படி போட்டாள். நான் சொன்னதால் அவள் கோபம் குறைந்ததா கூடியதா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். பாலத்தைத் தாண்டிக் கட்டைகளை ஏற்றினோம். இந்தத் தடவை நைனா பக்கத்திலேயே நின்றார். ஆசனத்தைப் பின்பக்கம் தாழ்வாகப் போடச் சொல்லி, மீதிக் கட்டைகளை ஓரம் முழுக்கப் பரப்பி விட்டார். படகு விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல் இடைவெளிதான் இருந்தது. இனி யாரும் தும்மக்கூடக் கூடாது என்றார்.

எண்ணூர் முகத்துவாரத்தைக் கடந்து லாக்குக்கு வந்தோம். எங்களுக்கு முன்னால் சுண்ணாம்புக் கிளிஞ்சல் படகு இரண்டு நின்றன. அவை போய், கதவு திறந்து, எங்கள் முறை வர நேரமாகிவிட்டது. லாக்குக்காரர் மேலேயிருந்து அவளைப் பார்த்து, விறகோடு விருந்தாளியுமா என்று கேட்டார். சுக்கான்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நைனா அவனைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான்.

அங்கேயிருந்து பட்டணம் நெருங்க நெருங்கக் கட்டடங்கள் காற்றை மறைக்கும். பாய் தொங்கிவிட்டது. நான் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு இழுத்தேன். மழையில் கரை வழுக்கியது. கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவள் படகிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துவிட்டது என்று சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள்.

நான் எத்தனையோ முறை பட்டணம் போயிருக்கிறேன். ஆனால் கால்வாயிலிருந்து தெரிவது பட்டணத்தின் பின்பக்கம்தான். வீடுகளின் பின்சுவர், துணிக்கொடி, குப்பை, எருமை மாடுகள், ஆலைகளின் கழிவு வந்து விழுகிற குழாய். எந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. அவளுக்கு எல்லாம் முன்பக்கமாகத் தெரிந்திருந்தது. தண்டையார்ப்பேட்டை தாண்டும்போது ஒரு நீளமான மதில் வந்தது. அதற்குப் பின்னால் தன் அத்தை வீடு என்றாள். ஒரு ஆலைப் புகைக்குழாயைக் காட்டி, அதில்தான் அப்பா வேலை செய்தார், சங்கு ஊதினால் எங்கள் சந்தில் எல்லாரும் உலை வைப்பார்கள் என்றாள். என்னிடம் சொன்னாளா தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவாள் என்று பயம். கயிறு தோளில் இருந்ததால் திரும்பாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் இருந்தது.

கொருக்குப்பேட்டை ரயில் பாலத்தடியில் போகும்போது மேலே வண்டி போனது. அந்தச் சத்தத்தில் அவள் ஏதோ சொன்னாள், காதில் விழவில்லை. சத்தம் அடங்கின பிறகு என்னவென்று கேட்டேன். நானாக அவளைக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையத்துப் புகைக்குழாய்கள் தெரிந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. விறகுத் தொட்டியின் துறையில் படகைக் கட்டினோம். அவள் பெட்டியை எடுத்துக் கரையில் வைத்தாள். நைனாவிடம் மட்டும் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டாள். நான் கட்டை இறக்குவதற்குத் தலைத்துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நைனா என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கினார்.

"பெட்டியத் தூக்கிக்கினு போடா. தெரு முனையோட திரும்பி வந்தா என் படகுல ஏறாத. இங்கியே விறகு பொளந்துக்கினு கெட."

நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். வேட்டியெல்லாம் சேறு. தோளில் கயிறு அறுத்த இடம் எரிந்தது. சந்து முனை வந்ததும் என் கால் தானாக நின்றது. அவளுக்கு அது தெரிந்திருக்கும், நடையின் சத்தம் நின்றுவிட்டதே. ஆனால் அவள் நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. நடையை மெதுவாக்கக்கூட இல்லை. சந்தில் குழாயடியில் குடங்களோடு ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலையில் பெட்டி இருந்தால் குனிய முடியாது. நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மாமியார் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"வாங்க மாப்ளே. உங்க ஊர்ல இப்பதான் தீபாவளியா?"

குழாயடியில் யாரோ சிரித்தார்கள். மாமனார் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். எதிர்த்த வீட்டிலும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமியார் பெண்ணிடம், பெட்டியோடு வந்திருக்கிறாயே, என்ன சமாசாரம் என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பி நின்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பெட்டியைக் கீழே இறக்கினேன். கழுத்தெல்லாம் வேர்த்தது.

"உங்களைப் பார்க்கணும்னு வந்துக்குது" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக, கொஞ்சம் சத்தமாகவே வந்தது. "அன்னைக்கு லாக்கு மூடல. நான்தான் வரல, மாமா. தப்பு என் மேல. நாளான்னைக்கு விடியக்காலம் படகு திரும்புது. அதுல கூட்டிக்கினு போறேன்."

மாமனார் பெண்ணைப் பார்த்தார். அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது.

"அம்மா, அவருக்குக் கை கால் கழுவத் தண்ணி குடு. காலைலேர்ந்து கயிறு இழுத்துக்கினு வந்துக்கீறாரு" என்று சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

1977, ஆனி 14.